ஒரே ஒரு படம் போதும்

எட்டாம் மாத வயிற்றோடு வேலைக்குப் போகிறவளுக்கு ஊரெல்லாம் அறிவுரை சொல்லும். நான் அப்போது வடக்கனந்தலில் என் அம்மா வீட்டிலிருந்து கரியாலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மலை பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். வளைகாப்பு முடிந்து அழைத்து வந்த பிறகும் என்ன வேலை என்று பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர்கள்கூடக் கேட்பார்கள். பிரசவ விடுப்பு முழுவதையும் குழந்தை பிறந்த பிறகு அதோடு கழிக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதை ஆளாளுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. "வூட்ல இருந்தா எங்கம்மா பேசியே கொன்னுடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அது பொய்யும் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் பள்ளிக்கூட வாசற்படியில் வழுக்கி விழுந்தேன். படியெல்லாம் பிள்ளைகள் காலோடு கொண்டுவந்த செம்மண் சேறு. கால் போனதும் வயிறு முன்னால் போவது தெரிந்தது. யோசிக்க நேரமில்லை, வலது கையை நீட்டி ஊன்றிவிட்டேன். மொத்த உடம்பும் அந்த உள்ளங்கை மேல் இறங்கியது. மணிக்கட்டில் ஏதோ நகர்ந்த மாதிரி ஒரு வலி. ஆனால் வயிறு தரையில் படவில்லை.

கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் தன் காரில் கள்ளக்குறிச்சிக்கு இறக்கிக் கொண்டுவந்தார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நான் கையைப் பார்க்கவே இல்லை, வயிற்றையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் முதலில் குழந்தையின் இதயத் துடிப்பைத்தான் கேட்க வைத்தார்கள். அந்தச் சின்ன மெஷினிலிருந்து டப்டப்டப் என்று அவசர அவசரமாகச் சத்தம் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். கை வலிப்பது அதற்குப் பிறகுதான் முழுசாகத் தெரிந்தது.

அதற்குள் அம்மா வந்து சேர்ந்தாள். டாக்டர் எக்ஸ்ரே என்ற வார்த்தையைச் சொன்னதுதான் தாமதம்.

"வாணாங்க சார். வயித்துல புள்ள இருக்குது. அந்த லைட்டு பட்டா இன்னா ஆவும்?"

"கைக்குத்தான்மா எடுக்கப்போறோம். வயித்துக்குக் கவசம் போட்டுடுவோம். ரெண்டு படம் எடுக்கணும்."

"ரெண்டு எதுக்குங்க? ஒண்ணு எடுத்துக்கங்க."

அம்மா சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற அதே குரலில் பேசினாள். டாக்டர் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட, பேரம் எக்ஸ்ரே எடுப்பவரிடம் தொடர்ந்தது. அவர் பாவம், இளகிய மனசுக்காரர். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்ததால் அம்மாவை நான் தடுக்கவில்லை. அப்புறம் வளையல் பிரச்சினை வந்தது. வளைகாப்பில் இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் வரை கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தார்கள். பிரசவம் ஆகும்வரை அதைக் கழற்றக்கூடாது, உடையக்கூடாது. கையோ வீங்கிப் போயிருந்தது. அவர் மெதுவாக மேலே தள்ளிப் பார்த்தார். மேல் வளையல்கள் கொஞ்சம் நகர்ந்தன. கீழே இருந்தவை மணிக்கட்டிலேயே இறுகி நின்றுவிட்டன. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஒரே ஒரு படம் எடுத்தார்.

படத்தில் என் எலும்புகளும் அவற்றின் மேல் வளையல் கோடுகளுமாகத் தெரிந்தன. எலும்பு உடைந்த மாதிரி தெரியவில்லை, சுளுக்காக இருக்கலாம், வலி குறையாவிட்டால் திரும்ப வாருங்கள் என்றார் டாக்டர். கடைசி வாக்கியம் அம்மா காதில் விழவே இல்லை. அவள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, போனில் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா பெரிசு பண்ணிப் பார்த்து, எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்று எழுதினார். அவர் அங்கே ஏஸி மெக்கானிக். சென்னையிலிருந்து என் கணவர் கும்பிடும் கைகளை வரிசையாக அனுப்பினார். என் எலும்புக்கு அத்தனை பேர் லைக் போட்ட பிறகு அதில் கோளாறு இருக்க முடியுமா?

வீக்கம் கொஞ்சம் வடிந்தது. வலி மட்டும் போகவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்க் கிடந்தன. மடக்கினால் பாதியில் நின்றுவிடும். சுண்டு விரலுக்கு ஒன்றும் இல்லை. ரவிக்கை ஹூக் போட முடியவில்லை, சீப்பு பிடிக்க முடியவில்லை. சோற்றை ஸ்பூனில் இடது கையால் சாப்பிட்டேன். அம்மாவிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் பதில் தயாராக இருந்தது.

"மாசமா இருக்கறப்போ கையில நீர் கோத்துக்கினு மரக்கும்டி. புள்ள பொறந்தா தன்னால சரியாப் போயிடும்."

அப்படியும் நடக்கும் என்பதால் என்னாலும் மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் எதையும் பிடிக்காத இந்தக் கையால் குழந்தையை எப்படித் தூக்குவேன் என்ற எண்ணம் ஒரு நிமிடம்கூட விடவில்லை. தனியாக இருக்கும்போது கீழே கிடக்கும் துண்டை வலது கையால் எடுக்கப் பழகிப் பார்ப்பேன். துண்டு நழுவும். கோபத்தில் அதைக் காலால் எட்டி உதைப்பேன். பிறகு அழுவேன்.

அந்தச் சமயத்தில்தான் தியாகதுருகத்திலிருந்து என் மாமியார் வந்தார். எனக்கு அவரிடம் பயம் என்பதை மறைக்கப்போவதில்லை. குழம்பில் உப்பு கம்மி என்பதை வாசம் பிடித்தே சொல்லிவிடுவார். வளைகாப்பில் முதல் வளையலைப் போட்டதும் அவர்தான். நான் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்ததும் இன்று நமக்கு அர்ச்சனைதான் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மடக்கும்மா பாக்கலாம்."

"முடியல அத்தை."

"நான் தொடறது தெரியுதா?"

"சுண்டு விரல்ல தெரியுது. இதுங்கள்ல தெரியல."

அவர் என்னை எதுவும் சொல்லவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "சம்மந்தியம்மா, காலைல எலும்பு டாக்டராண்ட போறோம்" என்றார். என் அம்மாவை ஒரே வாக்கியத்தில் அடக்கியவரை அன்றுதான் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சியில் அந்த எலும்பு டாக்டர் பழைய படத்தை வாங்கி விளக்குப் பெட்டியில் மாட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரல்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"எக்ஸ்ரே இன்னொண்ணு எங்க?"

"ஒண்ணுதாங்க எடுத்தது" என்றாள் அம்மா, இந்த முறை மிகச் சன்னமாக.

நான் டீச்சர் என்று தெரிந்ததும் அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பிரேயர்ல பசங்க வரிசையா நிக்கறாங்க. நேர் எதிர்ல நின்னு பாத்தா எல்லாம் ஒழுங்கா நிக்கற மாதிரிதான் தெரியும். ஒருத்தன் ஒரு அடி முன்னால வந்து நிக்கறான்னா, பக்கவாட்டுல போய்ப் பாத்தாத்தானே தெரியும்? மணிக்கட்டும் அப்படித்தாம்மா. சின்னச் சின்ன எலும்பு எட்டு இருக்கு. ஒண்ணு எடம் மாறி முன்னால வந்து நரம்பை அழுத்துதுன்னு சந்தேகப்படறேன். பக்கவாட்டுல ஒரு படம் வேணும். இப்படியே விட்டா நரம்பு கெட்டுப் போய்ப் பிடிமானமே இல்லாமப் போயிடும்."

குழந்தைக்கு ஆபத்தா என்று நானே கேட்டேன். கதிர் கைமேல் மட்டும்தான் விழும், வயிற்றுக்கு ஈயக் கவசம் போடுவோம், உள்ளே போய்ச் சேருவது சொல்லிக்கொள்கிற அளவுகூட இருக்காது என்றார். பயம் முழுசாகப் போகாவிட்டாலும் மூச்சு விட முடிந்தது. "ஆனா வளையல எடுத்தாகணும். எனக்கு எலும்பு தெரியணும்" என்றார்.

கழற்ற வழியில்லை, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நெறமாசக்காரி கையில வளையல உடைக்கறதா? வேற வழி இல்லீங்களா?" எல்லோரும் என் மாமியாரைப் பார்த்தோம்.

மாமியார் என் இடது கையைப் பிடித்து லேசாக ஆட்டினார். அந்தக் கை வளையல்கள் கலகலவென்றன.

"புள்ளைக்குச் சத்தம் கேக்கணும்னுதான வளையலு போடறோம்? இந்தக் கை சத்தம் போதும் அதுக்கு. அந்தக் கை புள்ளைய தூக்கறதுக்கு வோணும். உடைங்கம்மா."

எக்ஸ்ரே எடுக்கும் பெண் வளையல்களுக்கு அடியில் பஞ்சை நுழைத்து, மேலே துணியைச் சுற்றி, கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக நெரித்தார். மாமியார் முந்தானையை விரித்து ஒரு துண்டுகூடக் கீழே விழாமல் ஏந்திக்கொண்டார். அவர் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவருக்கும் பயம்தான். அதைப் பார்த்த பிறகு அவர்மேல் எனக்கிருந்த பயம் பாதி போய்விட்டது.

ஈயக் கவசம் நல்ல கனம். கையை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, சுண்டு விரல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தார்கள். ஒரு கிளிக். அவ்வளவுதான். இதற்கா இத்தனை கலவரம் என்றிருந்தது.

புதுப் படத்தில் எனக்கே தெரிந்தது. பிறை வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு, கிண்ணம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியது, உள்ளங்கைப் பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. நேர்ப் படத்தில் சாதுவாக நின்ற அதே எலும்பு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான். என் வலி கற்பனை இல்லை, நீரும் இல்லை. அம்மா மட்டும் சுவரோரமாக நின்று அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் பேரம் பேசியது என் பிள்ளைக்காக. எத்தனை நேரம்தான் கோபமாக இருக்க முடியும்?

மறுநாள் பிரசவ டாக்டரையும் கலந்து ஆலோசித்து, கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பை அதன் இடத்தில் உட்கார வைத்து, நகராமலிருக்க மெல்லிய கம்பிகள் வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வியை மாமியார் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

"பக்கவாட்டுல படம் புடிச்சிப் பாத்தீங்களா சார்?"

"ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்மா" என்று சிரித்திருக்கிறார் டாக்டர்.

விரல்களில் உணர்வு வர நாளாகலாம், முழுசாக வரும் என்று இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் ஊசியின் மரப்பு தெளிந்த பிறகும் நான் அவசரப்பட்டு எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. மாலையில் ஒருக்களித்துப் படுக்க முயன்றபோது அந்தக் கை தானாகச் சரிந்து வயிற்றின் மேல் விழுந்தது. உள்ளே இருந்து ஓர் உதை. ஆள்காட்டி விரல் நுனியில் பட்டது. மங்கலாக, துணிக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுகிற மாதிரி. ஆனால் பட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மறுபடியும்.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

அம்மா, மாமியார், நர்ஸ் மூவரும் ஓடிவந்தார்கள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாடி? வலி வந்துடுச்சா?"

"இல்லம்மா, உதைக்குது" என்றேன். "என் விரலுக்குத் தெரியுது."