சிவப்பு அம்பு ஒட்டிய போல்ட்

போன வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு போல்ட் ரிஜெக்ட் ஆனது.

வயர் பிரஷ் போட்டு, மூச்சு வாங்கி, நான் தேய்த்த போல்ட். பளபளவென்று இருந்தது – என்று நான் நினைத்தேன். என் மனைவி ஸ்டெல்லா அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நைட்டி பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்து, அதிலிருந்து குட்டியாக ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து, போல்ட்டின் மேல் ஒட்டினாள்.

"இன்னாங்க இது? மரைக்குள்ள துரு அப்படியே இருக்குது. ரீவொர்க்!"

ஆம்பூர்க்காரர்களுக்கு இந்த அம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஷூ கம்பெனியில் தையல் கோணினாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, குறை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் பார்த்து செக்கிங்கில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிடுவார்கள். பீஸ் ரீவொர்க்குக்குத் திரும்பிப் போகும். சரிசெய்தவர் அம்பைப் பிய்க்கக் கூடாது. ஒட்டியவரே மறுபடி பார்த்து, திருப்திப்பட்டால்தான் பிய்ப்பார்.

ஸ்டெல்லா பல வருஷமாக அந்த செக்கிங் வேலையில் இருக்கிறாள். அல்லது, இருந்தாள். எது என்பதுதான் போன வாரம் எங்கள் வீட்டுப் பிரச்சினையே.

ஆர்டர் கம்மி என்று அவளுடைய லைனை நிறுத்திவிட்டார்கள். "வீட்ல இருங்க, நாங்களே ஃபோன் பண்றோம்" என்றார்களாம். அன்றிலிருந்து அந்த ஃபோன் அவள் கையை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனால் பாத்ரூம் ஜன்னலில் ஃபோன். ஜெபத்துக்கு முட்டி போட்டால் முட்டிக்குப் பக்கத்தில் ஃபோன். மணியடித்தால் பாய்வாள். எடுத்துப் பார்த்தால் லோன் வேண்டுமா என்று ஒரு குரல்! வேலை நின்றுபோன வீடுகள் இந்த லோன்காரர்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ?

வீட்டில் மடித்த துணியையே பிரித்து மடித்தாள். அரிசி டப்பாவைக் கழுவினாள், பருப்பு டப்பாவைக் கழுவினாள், மறுபடி அரிசி டப்பாவுக்கு வந்தாள். "பேஜாரா இருக்குதுங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள். சிரிப்பு என்பதே நின்றுபோயிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் பழைய பைக்கின் செயின் கவரைக் கழற்ற உட்கார்ந்தேன். துருப்பிடித்த போல்ட் ஒன்று ஸ்பேனருக்கு மசியவே இல்லை. "தள்ளுங்க" என்று வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அடுத்த சில நாட்களில் என் வண்டியில் கழற்றக் கூடிய நட்டு, போல்ட்டு, வாஷர் எதுவும் வண்டியில் இல்லை.

கொல்லையில் ஒரு லைன் உருவானது. முதலில் டீசல் ஊறல். அப்புறம் வயர் பிரஷ். அடம்பிடிக்கும் துருவுக்கு வினிகர். மரைக்குப் பழைய டூத்பிரஷ். கழுவி, மொட்டை மாடி வெயிலில் காய வைத்து, கரி அடுப்பில் நன்றாகச் சுட்டு, பழைய இன்ஜின் ஆயிலில் போட்டால் – உஸ்ஸ்! – கறுகறுவென்று புதுசு மாதிரி எழுந்து வரும். எந்த போல்ட் எந்த இடத்துக்கு என்று குழம்பாமல் இருக்க, ஷூ அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் வண்டியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு, போல்ட்டைக் குத்தி நிறுத்திவிட்டாள். வண்டி என்னுடையது. லைன் அவளுடையது. நான் ஹெல்ப்பர்.

வியாழக்கிழமை அந்த ரிஜெக்ட்டுக்கு அப்புறம், கழுவிய போல்ட்டுகளைத் தட்டில் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள். கை முழுக்க எண்ணெய். அந்த ஒரே ஒரு தடவைதான் ஃபோனைக் கீழே விட்டுவிட்டுப் போனாள்.

ஃபோன் அடித்தது.

கண்ணாடி போடாமல் எடுத்தேன். "வணக்கம் சார், ஸ்டெல்லா மேடம்..." என்று ஒரு பெண் குரல். நான் ரிஜெக்ட் ஆன கடுப்பில் இருந்தேன். "வேணாம்மா, எதுவும் வேணாம்" என்று கட் பண்ணினேன்.

இறங்கி வந்தவள் கேட்டாள். "ஃபோன் அடிச்ச மாதிரி இருந்துச்சே?"

"லோன்."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். முகம் மாறிப்போனது. "இது லேண்ட்லைன்ங்க... எங்க ஆபீஸ் நம்பர்!"

திருப்பி அடித்தாள். பிஸி. மறுபடியும் பிஸி. அப்புறம் மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "எல்லாரையும் திரும்ப எடுக்கல. ஒருத்தங்க வரலன்னா அடுத்தவங்களைக் கூப்டுறாங்களாம்" என்றாள். "நேரா போய்டலாம், வண்டிய எடுங்க."

இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தோம்.

வண்டி எங்கே இருக்கிறது? டேங்க் தரையில். மட்கார்டு சுவரில் சாய்ந்து. மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டியில்.

அவள் நைட்டி மேலே ஒரு துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மெயின் ரோட்டுக்கு ஓடி, வாணியம்பாடி பக்கம் போகும் ஷேர் ஆட்டோவைப் பிடித்தோம். சோப்பு போட்டும் அவள் விரல்களில் கறுப்பு போகவில்லை. நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். "கொஞ்ச நேரம் பேசாம வாங்க" என்றாள். ஓட்டத்தில் அவள் கையோடு வந்துவிட்ட ஒரு போல்ட்டில், கட்டை விரலால் நட்டை ஏற்றினாள், இறக்கினாள், ஏற்றினாள். கம்பெனி கேட் வரும் வரைக்கும் அதேதான். இறங்கும்போது அதை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் எதிரே டீக்கடையில் நின்றேன். டீ ஆறிப்போனது. கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றவன், ஒரு கட்டத்தில் குனிந்து பார்க்கிறேன்... என் கட்டை விரலும் அந்த நட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது! இத்தனை நாளும் அவள் இப்படித்தான் இருந்தாளா? கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருப்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரிவதில்லை. கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது.

வெளியே வந்தாள். நடையிலேயே தெரிந்துவிட்டது.

"திங்கக்கிழமைலருந்து வரச் சொல்லிட்டாங்க. வேற ஆளைக் கூப்ட ஃபோனைக் கையில எடுத்துட்டு இருந்தாங்க, நான் போய் நின்னேன்."

"அப்பாடா! நான் கட் பண்ணதுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"லிஸ்ட்ல என் பேருக்கு நேரா இன்னா எழுதியிருந்தாங்க தெரியுமா? 'வீட்டுக்காரர் வேணாம்னுட்டார்.'"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஃபோன் பண்ண அந்தப் பொண்ணு ஆச்சரியமே படலங்க. இன்னும் சில வீட்ல நெஜமாவே அப்படித்தான் சொன்னாங்களாம். எனக்கு வேணுமா, வேணாமான்னு ஒரு வார்த்தை என்னைக் கேக்கலாம்னு அவங்களுக்கும் தோணல."

சுருக்கென்றது. ஒரு பெண்ணின் பல வருஷ வேலையை அவளுடைய புருஷன் 'வேணாம்மா' என்று சொல்லி முடித்துவைத்தால், அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் அளவுக்கு அது சாதாரண விஷயமா நம் ஊரில்? நான் லோனைத்தான் சொன்னேன், சத்தியமாக. ஆனால் யார் பேசுகிறார்கள், எதற்குப் பேசுகிறார்கள் என்று கேட்காமலே அவள் ஃபோனுக்கு நான் பதில் சொன்னேனே... அது யார் கொடுத்த உரிமை?

"தப்புதான்" என்றேன்.

என் பின்னால் வந்து முதுகில் லேசாகத் தட்டிக் கொடுத்தாள். மன்னித்துவிட்டாள்! நான் நெகிழ்ந்துபோனேன்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் பின் சீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பஜாரில் பிரெட் வாங்க இறங்கினேன், பேக்கரிக்காரரும் சிரித்தார். ஊரே இன்றைக்கு நல்ல மூடில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். காலருக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு. முனை மேலே – நேராக என் தலையைப் பார்த்து!

கதவருகே நின்ற ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியைப் பார்த்துப் பார்த்து, போல்ட் போல்ட்டாக வண்டியைப் பூட்டினோம். திங்கள் காலை அதே வண்டியில் கேட்டில் கொண்டுபோய் இறக்கினேன். இப்போது அவள் ஃபோன் அடித்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

சட்டை இன்னும் ஹேங்கரில்தான் தொங்குகிறது, அம்போடு. பிய்க்க வேண்டியது ஒட்டியவர்... அவர் இன்னும் செக் பண்ணிக்கொண்டிருக்கிறார்.