பாட்டிலில் வளர்ந்தவை

எங்கள் தெருவில் அவளுக்குக் கொசுக்கார அக்கா என்றுதான் பெயர். கொசு ஒழிப்பு வேலைக்காக டார்ச்சும் தோள்பையுமாக வீடு வீடாக நுழைவாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், எதையும் விடமாட்டாள். தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டுவாள். அதோடு விட்டால் பரவாயில்லை, திட்டிவிட்டுத்தான் கிளம்புவாள்.

"டெங்கு எங்கேயோ இருந்து பறந்து வராதும்மா. உங்க வீட்டுல வளர்ற கொசு முதல்ல உங்களைத்தான் கடிக்கும்."

வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? அதற்காகவே பையில் ஒரு பாட்டில் வைத்திருந்தாள். வாயில் வலைத்துணி, மேலே ரப்பர் பேண்ட், உள்ளே நெளியும் கொசுப்புழுக்கள். மூஞ்சிக்கு நேராக நீட்டினால் எப்பேர்ப்பட்ட சவடால் பேர்வழியும் பின்வாங்குவான். நன்றாக நெளிகிற புழு எப்போதும் கிடைக்காது என்பதால், சேர்ந்தாற்போல் வந்த விடுமுறையில் அவற்றைக் கொட்ட மனமில்லாமல் தன் வீட்டுக் குளியலறை ஜன்னலில் வைத்தாள். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை அவள் வேலையில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும்.

விடுமுறை முடிந்து பார்த்தால், இற்றுப்போன ரப்பர் பேண்ட் அறுந்து கிடந்தது. துணி சரிந்திருந்தது. தண்ணீரில் வெறும் தோல்கள் மிதந்தன. எல்லாம் பறந்துவிட்டன. கண்ணில் பட்டதை அடித்தாள், மீதியைத் தேடித் தேடி அலுத்தாள். கொசுவிடம் கிருமி இருந்தால்தானே ஆபத்து என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரமே கணவர் காய்ச்சலில் படுத்தார். அவருடைய பட்டறையில் பாதிப் பேருக்கு அதேதான்.

"பகல்லயும் வலைக்குள்ளயே படுங்க. உங்களைக் கடிக்கிற கொசு எங்களுக்கும் கொடுத்துடும்" என்றாள்.

"நான் என்ன கைக்குழந்தையா?" என்று அவர் வலையைச் சுருட்டி ஓரம் கட்டினார். அவர் தேறி வேலைக்குப் போனார். சில வாரம் கழித்து மகளுக்கு உடம்பு சுட்டது.

டாக்டர் டெங்குதான் என்றார், அபாய அறிகுறிகளைச் சொல்லி வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒருநாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. கணவர் நிம்மதியாகக் காப்பி போட்டுக் குடித்தார்.

"காய்ச்சல் விட்டுடுச்சே, இன்னும் ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

ஊருக்கெல்லாம் அவள் சொல்லிவந்ததே அதைத்தான்: காய்ச்சல் விடும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குழந்தையின் பாதம் சில்லிட்டிருந்தது. வயிறு வலிக்குது என்று முனகி, வாந்தி எடுத்து, கூப்பிடக் கூப்பிடக் கண்ணைச் சொருகினாள்.

"ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். அவள் குரலைக் கேட்டுக் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள். நாடித்துடிப்பு பலவீனமாக இருப்பதாக நர்ஸ் மெதுவாகத்தான் சொன்னாள். கொசுக்கார அக்கா மகளின் விரல் நகத்தை அழுத்தி, வெளுத்த இடத்தில் ரத்தம் ஓடித் திரும்பச் சிவக்கிறதா என்று பார்த்தாள். சிவக்க நேரமானது. மறுபடி அழுத்தினாள்.

"எவன் வீட்டுத் தொட்டியில வளர்ந்ததோ, அவன் நல்லா இருப்பானா?" என்று கணவர் புலம்பினார். பாட்டிலைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவள் டிரிப்ஸ் சொட்டுகளை எண்ணினாள். தப்பியதில் ஒன்று அவரைக் கடித்து, பிறகு மகளைக் கடித்ததோ? வெளிக்கொசுவாகவும் இருக்கலாம். அதை இனி எந்தப் பரிசோதனையும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் மத்தியானம் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது, கை சூடு கண்டது. நர்ஸ் முதல்முறையாகச் சிரித்தாள். மகள் கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினாள்.

"எந்த வீட்டுக் கொசும்மா என்னைக் கடிச்சுது?"

"தெரியலடா."

"கண்டுபிடிச்சா அவங்களைத் திட்டுவியா?"

அவள் மகளின் நகத்தை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"திட்டிக்கிட்டேதான் இருக்கேன் கண்ணு."