ஓடும் டிரெய்லருக்குள் நான்

திருவொற்றியூரில் நானும் என் கணவரும் ஒரு சின்ன டிரெய்லரில் டிபன் கடை நடத்துகிறோம். காலையில் அதை ஜீப்பின் பின்னால் மாட்டி எண்ணூருக்கு இழுத்துப் போவோம்.

அன்று சாம்பார் அண்டா நிலையாக நிற்கவில்லை. "நான் உள்ள குந்திகினு புடிச்சிக்கிறேன், நீ வண்டிய எடு" என்று அவரிடம் சொல்லிவிட்டு டிரெய்லருக்குள் ஏறினேன். தண்ணீர் டிரம்மும் கேஸ் சிலிண்டரும் பின்கோடியில் இருந்தன. பின்பக்கம் பாரம் கூடினால் டிரெய்லர் அலைபாயும் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஜீப் வேகமெடுத்ததும் டிரெய்லர் இரண்டு பக்கமும் வீசியடித்தது. தகரத்தைத் தட்டிக் கத்தினேன். கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் ஆட்டத்தைப் பார்த்தவர் பதறிப்போய் பிரேக்கை மிதிக்க, டிரெய்லர் கவிழ்ந்தது. கொதிக்கும் சாம்பார் என் கால்களில் கொட்டியது.

பின்னால் வந்த லாரி டிரைவர்தான் கதவை உடைத்து என்னை வெளியே இழுத்தார். "இதுக்குள்ள ஆளு கீதுன்னு எனக்கு இன்னாமா தெரியும்? வண்டிய மேல ஏத்தியிருப்பேனே!" என்றார்.

மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தேன். இடது பாதத்தை இன்னும் சரியாக ஊன்ற முடியவில்லை.

இப்போது பாரத்தைச் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் வைக்கிறோம். ஓடும் டிரெய்லருக்குள் யாரையும் விடுவதில்லை. வேறு யாராவது அப்படி ஏறுவதைப் பார்த்தால் போய்ச் சொல்கிறேன். நம்பாதவர்களிடம் புடவையைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டுகிறேன்.