பெருச்சாளி இறங்காத பள்ளம்

என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. பெருச்சாளி என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். பொக்லைன் நுழைய முடியாத சந்துகளில், சுவருக்கும் சுவருக்கும் நடுவே, கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பள்ளம் தோண்டிக் கழிவுநீர்க் குழாய் பதிக்கிற தொழில். இருபத்திரண்டு வருஷம். கழுத்தளவு பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் வாயடிப்பார். கல்யாணமான புதிதில் அந்தப் பட்டப்பேரைக் கேட்டு எனக்கு மானம் போனது. "எலின்னு வைக்காம விட்டாங்களே, ஆளோட அளவு பாத்துத்தான் வெச்சிருக்காங்க" என்று அவர் சிரிப்பார்.

நான் மேலே நின்று மண்ணை இழுப்பேன். குழாயை இறக்கிக் கொடுப்பேன். மினி டிராக்டரில் மண்ணை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவதும் நான்தான். உள்ளே இறங்குவது எப்போதும் அவர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, மர இழைப்புக் கடைக்குப் பின்னால் தோண்டியபோது பள்ளத்தின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. மார்பு வரைக்கும் மண். நாற்பது நிமிஷம். வெறுங்கையால் பறித்துப் பறித்து எனக்கு இரண்டு நகம் போனது. வெளியே இழுத்துப் போட்டதும், "பெருச்சாளி வளையிலேயே மாட்டிக்கிச்சு பாத்தீங்களா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மடச்சி, நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் பள்ளத்தில் கால் வைக்கவில்லை. முதுகு வலி என்றார். நம்பினேன், தைலம் தேய்த்துவிட்டேன். ஆனால் முதுகு வலிக்கிற மனுஷன் எதற்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்க வேண்டும்? முழங்கால் ஆழக் குழியின் ஓரத்தில் ஒரு காலை நீட்டி நீட்டி எதற்குப் பின்னால் இழுக்க வேண்டும்? கேட்க வாய் வரும். கேட்காமலே விட்டுவிட்டேன். கூலிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டோம். பெருச்சாளியையே முழுங்கப் பார்த்த வேலை என்று இரண்டாம் நாளே நின்றுவிட்டார்கள். வந்த வேலையெல்லாம் திரும்பிப் போனது. டிராக்டர் வாசலில் தூசி படிந்து நின்றது.

அப்போதுதான் பேக்ஹோ பற்றித் தெரிந்தது. மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிற தோண்டும் கை. பழையது ஒன்று விலைக்கு வந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கூடத்துத் தரையில் சாக்பீஸால் சந்தின் அகலத்தைக் கோடு போட்டு வைத்துவிட்டார். நான் பெருக்கப் போனால், "ஏய், சந்தை அழிச்சிடாத" என்பார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரலில் உயிர் இருந்தது.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற என் தம்பி வந்து டிராக்டருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். "மாமா, இதுக்குத் தனியா இரும்புச் சட்டம் கிடையாது. இஞ்சினும் கியர்பாக்ஸும்தான் இதோட முதுகு. அப்படியே மாட்டித் தோண்டினா வண்டி ரெண்டா போயிடும். அடியில நான் ஒரு ஃப்ரேம் அடிச்சுத் தரேன்" என்றான். ஓசியில் ஆணிகூடத் தராத பயல் அவன். மாமன் முகத்தைப் பார்த்து அவனுக்கே மனசு கேட்கவில்லை.

வாங்கினால் கையில் மிச்சம் இருப்பது மொத்தமும் போகும். வாங்காவிட்டால் தொழிலே இல்லை. ஒரு மாதம் இதையே பேசினோம். சந்தில் திரும்புமா, மெஷின் கால் ஊன்ற இடம் இருக்குமா, பாறை வந்தால் என்ன செய்வது என்று ஒன்று விடாமல் பேசினோம். பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேசவில்லை.

அதை விற்கிற வியாபாரியின் யார்டுக்கு எங்கள் டிராக்டரிலேயே போனோம். வியாபாரி பேக்ஹோவைத் தன் வண்டியில் மாட்டித் தயாராக வைத்திருந்தார். இவர் பின்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முதலில் லீவர் கைக்கு வரவில்லை, பக்கெட் எங்கேயோ போனது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. மண் அல்வாத் துண்டு மாதிரி வெட்டுப்பட்டு வெளியே வந்தது. அவர் சிரித்தார். எட்டு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"வாங்கிடலாங்க" என்றேன்.

"ஆழம் சரியா இருக்கான்னு இறங்கிப் பாத்துக்குங்கண்ணே. குழாய் வைக்க மட்டம் முக்கியமாச்சே" என்று சொல்லி வியாபாரி அளவு டேப்பை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷின் தோண்டும். குழாயை யார் வைப்பது? மட்டம் பார்ப்பது, ஜாயிண்ட் போடுவது எல்லாம் யார்? குழாய் வேலையிலேயே இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறோம், இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லையே.

அவர் டேப்போடு பள்ளத்தின் ஓரத்தில் நின்றார். நெற்றி வியர்த்து வழிந்தது. வியாபாரி காத்துக்கொண்டிருந்தார். அந்த அவமானத்தைப் பார்க்கச் சகிக்காமல் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு நான் இறங்கினேன்.

என் கழுத்து வரைக்கும் ஆழம். இரண்டு பக்கமும் ஈர மண் தோளில் உரசியது. ஒரு கட்டி உடைந்து முதுகுக்குள் விழுந்தது. மூச்சு நின்றுவிட்டது எனக்கு. இதற்குள் நாற்பது நிமிஷம் இருந்திருக்கிறார். நான் அன்றைக்குச் சிரித்திருக்கிறேன்.

"மேல வா!"

அது அவர் குரல் மாதிரியே இல்லை. தரையில் குப்புற விழுந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மேல வாடி, மேல வந்துடு!"

"ஒண்ணுமில்லங்க. பழகிடும். நீங்க மேல ஓட்டுங்க, இனிமே உள்ள நான் இறங்கிக்கறேன்."

"வேணாம். எனக்கு முதுகு வலி இல்ல. பயம். பயமா இருக்கு."

அன்னிய மனுஷன் முன்னால் சத்தமாகச் சொன்னார். வியாபாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் கையைப் பிடித்து மேலே வந்தேன். பரிதாபத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது.

"எட்டு மாசம்! கட்டினவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ இறங்கிடுவேன்னு தெரியும்" என்றார்.

என் தலையில் ஒட்டியிருந்த மண்ணை அவர் தட்டிவிட்டார். அப்புறம் எழுந்து வியாபாரியிடம் போனார்.

"பேக்ஹோ வேணாம் தம்பி. பள்ள வேலையையே விட்டுடறோம். எங்க டிராக்டரை நீங்க விலைக்கு எடுத்துக்கறீங்களா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக வேறு வழி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வியாபாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். இவர் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"காலையில ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும் தம்பி. திட்டாதீங்க."