நீலத்தலைக்காரி பாடாத நாள்

ராசாத்திக்குக் கோபம் வந்தால் குரல் உயராது; கை வேகமாகும். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் வேலை பார்த்த வயரிங் கம்பெனியில் அவளுக்கு அடுத்த போர்டு என்னுடையது. வண்டிக்குள் ஓடும் வயர்களை, ஆணி அடித்த பலகையில் இழுத்துக் கட்டி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். ஒரு ஷிப்டில் எண்பது முடித்தால் சூப்பர்வைசர் வெள்ளைச்சாமி முறைக்காமல் போவார். 2005 ஆடி மாதத்தில் ஒரு நாள் ராசாத்தி நூற்றுப் பத்து முடித்தாள். அதற்கு முதல் நாள்தான் அவளுடைய பிள்ளையை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

அனுப்பியிருந்தார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. அனுப்பியவன் அவள் புருஷன் கமலக்கண்ணன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். பம்புக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டினான். ராசாத்திக்குச் சாத்தூர். கல்யாணம் ஆன கையோடு ஓசூருக்கு வந்து, மங்கம்மாவின் லைன் வீட்டில் குடியேறினார்கள். வரிசையாக ஆறு வீடு. எனக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர்.

பிள்ளை தர்ஷினிக்கு அப்போது இரண்டு வயது. ஆனி மாதத்தில் காய்ச்சல் வந்து ஜன்னி கண்டது. இரண்டு பேரும் பிள்ளையை மங்கம்மா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்த நேரம். வீட்டுக்கார மங்கம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதன்பிறகு கமலக்கண்ணன் பயந்துவிட்டான். ஊரிலிருந்து தன் அம்மா ஒச்சம்மாளை வரவழைத்தான். ராசாத்தி முதல் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது தொட்டில் சேலை மடித்து அலமாரியில் இருந்தது. ஒச்சம்மாளும் பிள்ளையும் காலை பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தார்கள்.

அவன் காரணங்களை அடுக்கினானாம். இரண்டு பேருக்கும் ஷிப்ட். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மறுபடியும் ஜன்னி வந்தால் யார் பொறுப்பு? அவன் சொன்னதில் எதையும் பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் கேட்டாளாம். கேட்டால் நீ விடமாட்டாய், அதனால்தான் கேட்கவில்லை என்றான்.

அன்றோடு அந்த வீட்டில் பேச்சு செத்தது. குழம்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா, இந்த வாரம் எந்த ஷிப்ட் என்பதற்கு மேல் மூன்று வருஷம் எதுவும் இல்லை. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் போய்ப் பிள்ளையைப் பார்த்து வருவார்கள். பிள்ளை ஒச்சம்மாளை அம்மா என்று கூப்பிட்டது. ராசாத்தியை ஓசூரம்மா என்றது. ஒரு தரம் பொங்கல் முடித்து வந்தவள், நூற்றுப் பதினெட்டு போர்டு முடித்தாள். வெள்ளைச்சாமி, எல்லாரும் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்களைத் திட்டினார்.

2008 தொடக்கத்தில் கமலக்கண்ணன், டிவியில் மாட்டி ஆடுகிற ஒரு பிளேஸ்டேஷன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவனோடு வேலை பார்த்த மாதேஷ் என்ற நாட்றாம்பாளையத்துக்காரன், கல்யாணம் நிச்சயமானதும் தன் பழைய பெட்டியை டிஸ்குகளோடு தள்ளிவிட்டிருந்தான். கார் ஓட்டுவது, பந்து உதைப்பது எல்லாம் அதில் இருந்தன. கமலக்கண்ணனுக்குப் பிடித்தது என்னவோ ஒரு ஜப்பான் ஆட்டம்தான். எழுத்தெல்லாம் இங்கிலீஷில் வரும். அதில் பெண்கள் பாடுவார்கள், பாட்டுதான் மந்திரம். முன்னால் நிற்கும் பையன் கத்தியோடு எதிரியைத் தடுத்துக்கொண்டிருக்க, பின்னால் நிற்பவள் பாடப் பாட நெருப்பும் இடியும் திரண்டு எதிரிமேல் விழும். பாட்டு எந்த நாட்டுப் பாஷையும் இல்லை, ஆட்டத்துக்கென்றே உண்டாக்கிய பாஷை என்று மாதேஷ் சொன்னான். ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பாட்டுகள் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டன.

பெரிய பாட்டு வேண்டுமென்றால் சண்டை போட்டால் மட்டும் போதாதாம். பையன் அந்தப் பெண்ணின் மனசுக்குள்ளேயே இறங்க வேண்டும், கிணற்றுப் படி இறங்குகிற மாதிரி. ஒவ்வொரு படியிலும் அவளுடைய பழைய பயம், அவமானம், கோபம் எல்லாம் ஆளாக எழுந்து வந்து நிற்கும். அவள் கேள்வி கேட்பாள். கீழே இரண்டு மூன்று பதில் வரும். பொருத்தமானதை அமுக்கினால் நம்பிக்கை கூடி அடுத்த படி திறக்கும். நீலத் தலைமுடியோடு ஒருத்தி இருந்தாள். கமலக்கண்ணன் அவள் மனசுக்குள்தான் ஆறு மாதம் இறங்கினான். ராசாத்தி அவளுக்கு நீலத்தலைக்காரி என்று பெயர் வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ராசாத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் வாசிப்பாள். டிவியில் நீலத்தலைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். என்னைக் கேட்காமல் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேள்வி வந்தது. கீழே மூன்று பதில். கமலக்கண்ணன் அவசரப்படவில்லை. மூன்றையும் மேலும் கீழும் போய்ப் பார்த்தான். கடைசியில், தப்புதான், உன்னைக் கேட்டிருக்க வேண்டும், என்னை மன்னித்துவிடு என்பதை அமுக்கினான். நீலத்தலைக்காரி சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ராசாத்தி கீரையைக் கீழே வைத்தாள்.

"இத எனக்கு எப்ப சொல்லுவீங்க?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபிறகு, "இது வெளையாட்டு" என்றான். அவள் டிவிக்கு முன்னாலேயே நின்றாள். "மறைக்குது, தள்ளு" என்றான்.

இதை அவள் மறுநாள் போர்டில் நின்றபடி என்னிடம் சொன்னாள். சொல்லும்போது கை ஓடிக்கொண்டே இருந்தது. டேப்பை அவள் சுற்றிய இறுக்கத்தில் எனக்குத்தான் விரல் வலித்தது.

அடுத்த வாரம் அவனுக்கு முதல் ஷிப்ட், எங்களுக்கு இரண்டாவது. அவன் காலை ஐந்தரைக்குப் போய்விட்டால் மத்தியானம் ஒன்றரை வரை வீடு அவள் கையில். திங்கள்கிழமை பத்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டது. கமலக்கண்ணனுக்கு உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்தேன்.

அவன் ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த ஆட்டத்தைத்தான் அவள் திறந்திருக்கிறாள். எந்தப் பட்டன் எதற்கு என்பது பார்த்துப் பார்த்தே தெரிந்திருந்தது. நீலத்தலைக்காரியின் மனசுக்குள் இறங்கி, கேள்வி வந்த இடத்திலெல்லாம் உள்ளதில் மோசமான பதிலாகப் பார்த்து அமுக்கினாள். புரியாத சொல்லுக்குப் பள்ளிக்கூட அகராதியை மடியில் வைத்துக்கொண்டாளாம். உன் பயம் எனக்குப் பெரிதில்லை. நீ பாடினால் போதும். அழுவதென்றால் அந்தப் பக்கம் போய் அழு.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நீலத்தலைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அந்தப் பையன் பின்னாலேயே வந்தாள். ராசாத்திக்குப் புருஷன்மேல் இருந்த ஆத்திரம் போதாதென்று இப்போது அவள்மேலும் வந்தது. "ரோசங்கெட்ட சிறுக்கி. என்ன சொன்னாலும் பின்னாடியே வாரா" என்று என்னிடம் திட்டினாள். ஒரு பொம்மையை இப்படித் திட்டுகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

புதன்கிழமை நீலத்தலைக்காரி தாங்கவில்லை. போ, இனி இங்கே வராதே என்று சொல்லி, பையனைப் படிக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதுவரை கிடைத்த பாட்டுகளின் பெயரெல்லாம் சாம்பல் நிறத்துக்குப் போயின; இனி அவள் எதையும் பாடமாட்டாள். சேவ் பண்ணட்டுமா என்று ஆட்டம் கேட்டது. பழையதன்மேலேயே எழுதினால் பழையது போய்விடும், சம்மதமா என்று இன்னொரு தரமும் கேட்டது. ராசாத்தி சம்மதம் என்று அமுக்கிவிட்டு, சாப்பிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். அன்று அவள் எழுபத்தெட்டுதான் முடித்தாள். நிதானமாகச் செய்தாள்.

கமலக்கண்ணன் டிஸ்கில் கீறல் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். மாதேஷிடம் போய்ச் சண்டை பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், எத்தனை மணி நேரம் ஆடியது என்று ஆட்டமே காட்டும் இடத்தைப் பார்த்திருக்கிறான். அவன் ஆடாத ஏழு மணி நேரம் அதில் கூடியிருந்தது.

"நீ தொட்டியா?"

"தொட்டேன்."

"தெரியாம அமுக்கிட்டியா?"

"தெரிஞ்சுதான். படிச்சுப் பாத்துத்தான் அமுக்குனேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் அரிசி களைவதை நிறுத்திவிட்டேன். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் இத்தனை வார்த்தை நான் கேட்டதில்லை.

"ஆறு மாசம் ஆடுனதுடி. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல. நீங்க கேட்டீங்களா?"

"பொம்மையும் பிள்ளையும் ஒண்ணா?"

"பொம்மைகிட்டதான மன்னிப்புக் கேட்டீங்க."

பிறகு கமலக்கண்ணன் சொன்னது எனக்கு மட்டுமில்லை, ஆறு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"உங்கிட்ட விட்டுருந்தா இந்நேரம் அந்தப் பிள்ள செத்துருக்கும்."

ராசாத்தி மறுநாள் காலை கம்பெனிக்கு வந்து நான்கு நாள் லீவு கேட்டாள். ஏற்றுமதி ஆர்டர் இருக்கிறது, முடியாது என்றார் வெள்ளைச்சாமி. நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கேட்டிலிருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

ஊரில் ஒச்சம்மாள் அவளை உள்ளே வா என்று சொல்லவில்லையாம். மூன்று வருஷம் கழுவி, ஊட்டி, தூக்கிச் சுமந்தது நான். காய்ச்சல் வந்தபோதெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். இப்போது எந்த முகத்தோடு வருகிறாய் என்று கேட்டாள். அதுவும் நியாயம்தான் என்று ராசாத்தியே என்னிடம் சொன்னாள். நியாயத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்து மூன்று வருஷம் ஆயிற்று, இனிமேல் கேட்கிற மாதிரி இல்லை என்றாள். மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை கடித்தது. ஒச்சம்மாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

மதுரையில் பஸ் மாறியதிலிருந்து பிள்ளை அழுதுகொண்டே வந்தது. நாமக்கல் தாண்டியதும் ஒரு செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசியது. அந்த இடத்தில்தான் ராசாத்திக்கு உறைத்ததாம், தானும் யாரையும் கேட்கவில்லை என்று. பிள்ளையிடம் சொன்னாள். உன்னைக் கேட்காமல் தூக்கிவந்தது தப்பு, ஆனாலும் திருப்பிக் கொண்டுபோய் விடமாட்டேன் என்றாள். பிள்ளை இரண்டாவது செருப்பையும் வீசியது.

ஓசூர் வந்து பத்தொன்பது நாள் பிள்ளை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மங்கம்மாவிடம்தான் முதலில் பேசியது, அந்த அம்மா வீட்டுத் தெலுங்கில் பொறுக்கிய நான்கு வார்த்தையை வைத்துக்கொண்டு. இரண்டாவதாக அப்பாவிடம். கமலக்கண்ணன் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கியிருந்தான். பிள்ளை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதை ராசாத்தி அடுப்படியிலிருந்து பார்ப்பாள்.

கம்பெனியில் அனுமதியில்லாமல் லீவு எடுத்ததற்கு மெமோ கொடுத்தார்கள். போர்டிலிருந்து எடுத்து, பகல் ஷிப்ட் மட்டும் இருக்கிற பேக்கிங்கில் போட்டார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள். பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு வர அவளுக்கு அதுவே வசதியாகிவிட்டது.

அடுத்த வருஷம் கமலக்கண்ணன் கம்பெனியில் வேலை குறைந்தது. அவனை வடக்கே இருக்கிற புது பிளாண்டுக்கு மாற்றினார்கள். அங்கே கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, நீயும் வருகிறாயா என்று அவளைக் கேட்டான். ராசாத்தி அரிசியில் கல் பொறுக்கி முடிக்கும்வரை யோசித்தாள். "வரல" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியையும் டிஸ்குகளையும் பேக் பண்ணிக்கொண்டான். பொங்கலுக்கு வருவான், பிள்ளைக்குத் துணி எடுத்துத் தருவான், இரண்டு நாள் இருந்துவிட்டு உசிலம்பட்டிக்குப் போய்விடுவான். அவளோடு பேசுவது இன்னமும் குழம்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான்.

பிள்ளையை அனுப்பிய அன்று அவன் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் நடந்தன. பிள்ளைக்கு இரண்டு தரம் காய்ச்சல் வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் திண்டாடினாள். ஒரு தரம் நான் லீவு போட்டேன், ஒரு தரம் மங்கம்மா உட்கார்ந்தது, மற்ற நாளெல்லாம் அவளே இருந்து இன்னும் இரண்டு மெமோ வாங்கினாள்.

போன மாசம் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றபோது, அவனோடு போயிருந்தால் இத்தனை பாடு இருக்காதே என்று கேட்டுவிட்டேன். குடத்தை முன்னால் நகர்த்திவிட்டு என்னை முறைத்தாள்.

"பாடுதான். இல்லேன்னு யாருகிட்டயும் சொல்லலையே" என்றாள். பிள்ளை வரிசையின் கடைசியில் யாரோடோ தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. லாரிக்காரன் குழாயைத் திறந்தான்.