கறி எடுக்காத கிறிஸ்துமஸ்

போன வருசம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் கறி எடுக்கவில்லை. காசில்லாமல் எடுக்கவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காசில்லாததும் உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

எனக்கு ஒரே மகள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் தொப்பூர் மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். நான் கொத்தனாருக்குக் கலவை போடுகிறவன். என் மனைவி தோட்டங்களுக்குப் பூப் பறிக்கப் போவாள். எங்கள் இரண்டு பேர் கூலியும் சோற்றுக்கும் வைத்தியத்துக்கும் சரியாகப் போய்விடும். கிறிஸ்துமஸ் என்றால் மகள் சம்பளம்தான். அம்மாவுக்குச் சேலை, எனக்குச் சட்டை, வாசலுக்கு நட்சத்திரம், கேக், எல்லாம் அவளே வாங்கி வருவாள். கறி மட்டும் நான் எடுப்பேன்.

அந்த பஸ்ஸிலேயே பழக்கமாகி ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். அதியமான்கோட்டைக்காரர்கள். ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார்கள். இந்துக்கள். அவர்கள் கோயிலில் தாலி கட்டினார்கள். எங்கள் கோயிலில் ஒன்றும் நடக்கவில்லை. பையன் நல்லவன். குடி கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு மகள் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டில் மருமகளை அனுப்புகிற வழக்கம் இல்லை என்றார்கள். சரி என்றேன்.

முதலில் தீபாவளி வந்தது. சம்பந்தி அம்மா போன் செய்தார்.

"அண்ணா, நீங்க வேறன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. ஆனா நாலு பேரு கேப்பாங்க இல்லீங்களா. தலை தீபாவளி மாமனார் வூட்லதான். பாத்துச் செய்யுங்க."

பார்த்துச் செய்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்காக என் மனைவி மகளிர் குழுவில் போட்டு வைத்திருந்ததை எடுத்தோம். மாப்பிள்ளைக்கு மோதிரம், துணிமணி, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம், அப்புறம் பட்டாசு. என் வாழ்நாளில் தீபாவளிக்கு நான் பட்டாசு வாங்கியதில்லை. மாப்பிள்ளை எங்கள் வாசலில் சரம் கொளுத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது. எங்கள் தெரு முழுக்கக் கிறிஸ்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தம்பி முறையாகிறவனின் மனைவி. வாய் சும்மா இருக்காது.

"என்னங்க மாமா, நெத்தியில ஒண்ணும் காணோம்? பூசலியா?" என்றாள்.

"உனக்கும் சேத்து எடுத்தாரட்டுமா?" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

போகும்போது மாப்பிள்ளை, "கிறிஸ்துமஸுக்கும் வர்றோம் மாமா" என்றார். என் மனைவி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். துணி இல்லாவிட்டால் போகட்டும், கேக் இல்லாவிட்டால் போகட்டும், கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பெற்ற பிள்ளை நம் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன வேண்டும் என்றாள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

அப்புறம் மழை பிடித்தது. மழை பெய்தால் கட்டட வேலை நடக்காது. பூவும் செடியிலேயே அழுகியது. இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். டிசம்பர் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் மரியாதை இல்லை. வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்தேன். மாப்பிள்ளை கறுப்பு வேட்டி கட்டியிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கழுத்தில் மாலை.

கார்த்திகை பிறந்தால் ரோட்டில் எத்தனை ஐயப்ப சாமிகளைப் பார்க்கிறோம். நம் மாப்பிள்ளையும் மாலை போடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவிக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்த காலண்டர் வேறு.

"வாங்க சாமி" என்றார் மாப்பிள்ளை. என்னைத்தான். மாலை போட்டவர்களுக்கு எல்லோரும் சாமி.

"நல்லா இருக்கீங்களா சாமி" என்றேன். உள்ளே மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னை அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

சம்பந்தி அம்மா தண்ணீர் கொடுத்தார். தட்டை வாங்கி உள்ளே வைத்தார். வந்து உட்கார்ந்து சொன்னார்.

"மொறையா வந்து கூப்புட்டீங்க, சந்தோசமுங்க. ஆனா இது மாலை போட்ட வூடு. அவன் மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நாங்க யாரும் கறி தொட மாட்டோம். உங்க வூட்ல அன்னைக்கு அது இல்லாம இருக்காது."

என் மனைவி யோசிக்கவே இல்லை. "கறி எடுக்க மாட்டோமுங்க" என்றாள்.

"கிறிஸ்துமஸுக்கா?"

"ஆமாங்க. புதுப் பாத்திரம் வாங்கிச் சமைக்கறேன். வூட்டக் கழுவி வுட்டுடறேன். புள்ள ஒரு வாய் தின்னுட்டு வரட்டுமுங்க."

சம்பந்தி அம்மா மகனைப் பார்த்தார்.

"நான் அங்க சாப்புட மாட்டேன், பழம் எடுத்துக்கறேன். இவ சாப்புடட்டும்மா. ஒரே நாள்தானே" என்றார் மாப்பிள்ளை.

"வாசம்கூட வரக் கூடாதுங்க" என்றார் சம்பந்தி அம்மா. அதிகாரமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார். காட்டு வழி நடக்கிற மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். எனக்கு அது புரிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி, "சாம்பார் வெச்சா செலவு கம்மிதானே" என்றாள்.

கம்மி ஆகவில்லை. வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாம் கறி வெந்த பாத்திரம். மண்சட்டி வாங்கலாம் என்றேன். சம்பந்தி வீட்டில் கேட்டால் கேவலம் என்றாள். எவர்சில்வரில் குண்டான், கரண்டி, வடைக்கு ஒரு வாணலி வாங்கினோம். மாப்பிள்ளைக்குப் பேண்ட் சட்டை எடுத்தால் அவரால் போட முடியாது. தர்மபுரியில் ஜவுளிக் கடையில் கறுப்பு வேட்டியும் துண்டும் கேட்டேன்.

"எத்தனாவது வருசம் சாமி?" என்றான் கடைக்காரப் பையன்.

"தம்பி, எங்க மாப்ளைக்கு. கிறிஸ்துமஸ் துணி" என்றாள் என் மனைவி.

அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் வேட்டியை மடித்துப் பையில் போட்டான். மகளுக்கு ஒரு சேலை எடுத்தோம். எங்களுக்கு எடுக்கவில்லை. நட்சத்திரம் பழையதுதான். ஒரு முனை கிழிந்திருந்தது. தாள் ஒட்டி மாட்டினேன்.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் சேர்ந்து பன்றி அடிப்போம். கறியைக் கூறு போட்டு வீட்டுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வோம். யாருக்கு எத்தனை கூறு என்று கேட்க என் தம்பி முறைக்காரன் வந்தான்.

"அண்ணா, ஒண்ணா ரெண்டா? மாப்ள வர்றாப்லயாமே."

"இந்த வருசம் வேணாம்."

"காசு மெதுவாக் குடேன். யாரு கேட்டா?"

"வேணாம்டா."

போகாமல் நின்றான். மாலை விஷயத்தைச் சொல்லியிருந்தால் போயிருப்பான். ஆனால் தீபாவளிக்குப் பட்டாசு, கிறிஸ்துமஸுக்குச் சாம்பாரா என்று தெரு சிரிக்கும். காசில்லாதவன் என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது எனக்குப் பழக்கம்.

பண்டிகை அன்று பூசைக்குப் போய் வந்ததும் என் மனைவி மஞ்சள் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினாள். சாம்பார், பொரியல், வடை, பாயசம் செய்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் கறி கொதித்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் சாத்தி ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் தெருவில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். கேக் கேட்டு வந்த சின்னப் பிள்ளைகள் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

மத்தியானம் பைக் வந்தது. மாப்பிள்ளை காலில் செருப்பில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். துணியைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். அவருக்குச் சந்தோசம். புதுத் துண்டை அங்கேயே தோளில் போட்டுக்கொண்டார். வாழைப்பழம் சாப்பிட்டார், பால் குடித்தார்.

"அம்மா, பசிக்குது. இதுக்காவவே காலைல இருந்து ஒண்ணும் தின்னல" என்றாள் மகள். புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். என் மனைவி இலை போட்டாள். உப்பு வைத்தாள், வடை வைத்தாள். சோற்றுக் குண்டானைத் தூக்கி வந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். கையில் ஒரு கிண்ணம், மேலே தட்டு மூடியிருந்தது.

"அக்கா, நல்ல நாளும் அதுவுமா கதவ எதுக்குச் சாத்தி வெச்சிருக்கீங்க? புள்ள வந்திருக்குது. காசில்லன்னா வெறுஞ்சோத்தப் போடுவீங்களா? நாங்கெல்லாம் இல்லாமயா போயிட்டோம்?"

சொல்லிக்கொண்டே கிண்ணத்தை மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த ஸ்டூலில், பழத்தட்டுக்கு அருகில் வைத்துத் தட்டை எடுத்தாள். பன்றிக்கறி. ஆவி பறந்தது.

"மாப்ள, கூச்சப்படாம சாப்புடுங்க. நெஞ்செலும்பாப் பாத்துப் போட்டு..." என்றவள் அப்போதுதான் வேட்டியைப் பார்த்தாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை எழுந்தார். கோபப்படவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. சரணம் சொல்லிக்கொண்டே சுவரோரமாக நகர்ந்து வாசலுக்குப் போனார்.

"நாங்க கெளம்பறோம் சாமி" என்றார் என்னிடம்.

"புள்ள ஒரு வாய் தின்னுடட்டுமுங்க, எலையில உக்காந்துட்டா" என்றாள் என் மனைவி. குண்டான் இன்னும் அவள் கையில் இருந்தது.

"வேணாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா மாலையக் கழட்டிடும்பாங்க. மலைக்கே அனுப்ப மாட்டாங்க."

மகள் வடையைக் கையில் எடுத்திருந்தாள். அதை இலையில் திரும்ப வைத்தாள். எழுந்து வெளியே வந்து பைக்கில் ஏறிக்கொண்டாள். பைக் தெருமுனை திரும்பும் வரை நான் வாசலில் நின்றேன்.

உள்ளே பக்கத்து வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல மாமா. சொல்லியிருந்தா எங்க வூட்டு அடுப்பயே நான் அணைச்சிருப்பனே."

எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. அவர்கள் வீட்டிலும் ஒரு கூறுதான் எடுத்திருந்தார்கள். அதில் நல்ல கறி எல்லாம் எங்கள் ஸ்டூலில் இருந்தது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அப்பா, அத்தைக்குத் தெரிஞ்சுபோச்சு. கேக்கறாங்க, வேணும்னே செஞ்சீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னு சொன்னேன்" என்றாள்.

"இல்லன்னு சொல்லு."

"சரிப்பா." வைத்துவிட்டாள்.

என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டாள். நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்களாம் என்றேன். கறிக் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கறியை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டு, அதைக் கழுவிப் பாயசம் ஊற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கறியை நான் சூடு பண்ணச் சொன்னேன். இரண்டு பேரும் தின்றோம். நன்றாகத்தான் வைத்திருந்தாள் அந்தப் பெண். சாம்பாரை மறுநாள் கீழே ஊற்றினோம்.

எப்படியோ அம்மாவைச் சமாதானப்படுத்தி மாப்பிள்ளை மலைக்குப் போய் வந்துவிட்டார். தெரிந்த லாரிக்காரரிடம் ஒரு டப்பா சபரிமலை அரவணைப் பாயசம் கொடுத்து அனுப்பினார். அவர் மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் மகள் பொங்கலுக்கும் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லை என்பாள், மழை என்பாள். இந்த வருசம் தீபாவளிக்கு நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் பேசினாள். மாப்பிள்ளை இந்த வருசமும் மாலை போட்டிருக்கிறாராம். அழைக்க வருகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. வருகிறோம் என்று நானும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு என் மனைவியிடம் சொன்னேன்.

"பஸ் காசு மிச்சம்" என்றாள்.