ஞாயிற்றுக்கிழமைக் கப்பல்

மறுபடியும் கறுப்புத் திரைதான் வந்தது. திருமாறன் கணினியிலிருந்து விளையாட்டை அடியோடு நீக்கிவிட்டு, வேறோர் இடத்திலிருந்து இறக்கத் தொடங்கினான்.

விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு அது. அவன் கணினியில் இருப்பது லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளம். இரண்டுக்கும் நடுவில் நின்று ஓட்டிவைக்கும் நிரல் ஒன்று உண்டு. கோடையில் விளையாட்டைப் புதுப்பித்தார்கள். அந்த நிரல் பழையதாகிவிட்டது. புதியதை அவனுடைய லினக்ஸில் நிறுவும்படி இன்னும் யாரும் பொதியாக்கித் தரவில்லை.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தபோது வாங்கிய மலிவுக் கணினியில் விண்டோஸ் திணறியது, லினக்ஸ் ஓடியது. காப்புறுதி நிறுவனத்தில் வேலை, நோர்பரியில் மாடிவீடு, கல்யாணம் எல்லாம் வந்த பிறகும் அவன் அதை மாற்றவில்லை. கல்யாணம் நிலைக்கவில்லை.

தங்கை ஷாமளா கிள்ளானிலேயே இருந்தாள். ஞாயிறு மதியம், அங்கே இரவு, இருவரும் அந்த விளையாட்டில் ஒரே கப்பலில் ஏறுவார்கள். அவன் சுக்கான், அவள் பாய். தொலைபேசியில் அவர்களுக்குப் பேச்சு வராது. சாப்பிட்டாயா, அங்கே மழையா, சரி. மனைவி பிரிந்து போனதை அவன் முதலில் சொன்னது ஷாமளாவிடம்தான், ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும்போது. "பாறையப் பாத்து ஓட்டுண்ணே," என்றாள். அப்புறம் அழுதாள்.

கப்பல் நின்றுபோன பிறகு ஒருமுறை அழைத்தாள்.

"விண்டோஸ் போட்டுத் தொலையேன்லா."

"இந்த வாரம் சரியாயிடும்."

"போன மாசமும் இதேதான் சொன்ன. உன் லினக்ஸ்கிட்டயே கேளு, பாய் கட்ட வருமான்னு."

இப்போது இறக்கியது, தேவையான எல்லாவற்றையும் தன்னுள்ளேயே அடைத்துக்கொண்டு வரும் பொதி. திரை வெளுத்தது. கடல் தெரிந்தது. ஷாமளாவின் கப்பலுக்குள் போனான்.

சுக்கானில் வேறொருவன் நின்றான்.

"அண்ணே! வந்துட்டியா?" என்றாள் ஷாமளா. "இது கீர்த்தனன், என் ஆபீஸ்."

"வணக்கம்ணே," என்றான் கீர்த்தனன்.

திருமாறன் பேசினான். யாருக்கும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளே அடைத்து வந்த பொதிக்கு, வெளியே கணினியின் மைக்கைத் தொட அனுமதியில்லை. மைக் வரலை என்று தட்டச்சு செய்தான்.

"பரவால்ல, கேட்டுக்கிட்டே கயிறு இழு," என்றாள்.

இழுத்தான். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். மேலாளர் இடம் மாறிப் போயிருந்தார். அவளுக்குக் கையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது, கட்டுக்கூடப் பிரித்தாகிவிட்டது. எந்தக் கை என்று தட்டச்சு செய்வதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

"சுக்கான ரொம்ப நாள் காலியாத்தான் வச்சிருந்தேன்," என்றாள். "ஆளில்லாம சுத்தி சுத்தி வந்தேன். அப்புறம்தான் இவனைக் கூப்பிட்டேன்."

திருமாறன் ஏதோ சொன்னான். அறையில் மட்டும் கேட்டது.

"அடுத்த வாரத்துலேர்ந்து சனிக்கிழமை காலைல வச்சுக்கலாமா? ஞாயிறு ராத்திரி எனக்குத் தூக்கம் வருது," என்றான் கீர்த்தனன்.

"அங்க நடுராத்திரியா இருக்குமே. உனக்கு முடியுமாண்ணே?"

நீங்கள் ஆடுங்கள், நான் முடிந்தால் வருகிறேன் என்று திருமாறன் தட்டச்சு செய்து அனுப்பினான்.

மறுநாள் திங்கள். நோர்பரியில் ரயில் தாமதம். அலுவலகத்தில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. மாலையில் வீட்டுக்கு வந்து, பொதிக்கு மைக்கைத் திறந்துவிடும் கட்டளையை இணையத்தில் தேடிப் போட்டான். வேலை செய்தது. துணி துவைத்தான். முட்டை பொரித்துச் சோறு சாப்பிட்டான். ஷாமளாவை அழைத்து, எந்தக் கை என்று கேட்கலாமா என நினைத்தான். அங்கே விடிந்திருக்கவில்லை.